ப்ரமோஷன் வயதில் வரும் தலைவலி

நாற்பத்தைந்து வயதை ஒட்டித்தான் பெரிய நாற்காலிகள் காலியாகின்றன. பிராஞ்ச் மேனேஜர், வைஸ் பிரின்சிபால், டெலிவரி ஹெட், நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். இருபது வருட உழைப்புக்குப் பலன் கேட்கும் நேரம் அது. பக்கத்து சீட்காரரும் அதே நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வருடங்களில்தான் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் தடுமாறத் தொடங்குகிறது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47. நமக்கு நான்கைந்து வருடம் முன்னதாகவே வருகிறது. ப்ரமோஷன் லிஸ்ட் போடும் அதே சமயத்தில்.

ஏற்கெனவே மைக்ரேன் இருப்பவர்கள் பலருக்கு இந்தக் கட்டத்தில் அது அடிக்கடி வரும். நீண்ட நேரம் இருக்கும். வழக்கமாகக் கேட்கும் மாத்திரைக்கு அடங்காது. விளைவு என்ன? திடீர் அரை நாள் லீவ். மீட்டிங்கில் கேமரா ஆஃப். ‘உடம்பு சரியில்ல’ என்று ஒரு வரி மெசேஜ். காரணம் சொல்லாமல் ஆறு மாதம் இது தொடர்ந்தால் ஆபீஸ் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும்: ‘மேடத்துக்கு இப்பல்லாம் இன்ட்ரஸ்ட் இல்ல.’ வலியைவிட இந்தப் பேச்சுதான் நிறையப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கே நடந்தது. வயது 44. குவார்ட்டர் ரிவ்யூ. ஸ்லைடில் இருந்த எண்களுக்கு நடுவே கண் கூசும் ஒரு கோணல்மாணல் கோடு மினுங்கியபடி விரிந்தது. இருபது நிமிடம் பாதித் திரை தெரியவில்லை. பிறகு வலி. யாரிடமும் சொல்லவில்லை. தயாராகாமல் வந்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் நான் எதிர்பார்த்த பொறுப்பு வேறொருவருக்குப் போனது. மறுநாளாவது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இயற்கையாக மாதவிடாய் நின்ற பிறகு சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு மைக்ரேன் குறைந்துவிடுகிறது. நின்றுபோவதற்கு முந்தைய தடுமாற்றக் காலம், டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்று சொல்வது, சராசரியாக நான்கு வருடம். சிலருக்கு எட்டு வரை இழுக்கும். அந்தச் சில வருடங்களுக்குப் பயந்து யாரும் ரேஸிலிருந்து விலக வேண்டியதில்லை. என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. சரியான பெயரைச் சொல்லுங்கள்

‘சைனஸ்’, ‘பித்தம்’, ‘கழுத்து எலும்பு தேய்மானம்’, ‘டென்ஷன்’. மைக்ரேனுக்கு நம் ஊரில் இத்தனை பெயர்கள். கழுத்து இறுகுவதும் மூக்கில் நீர் வருவதும் மைக்ரேனோடு சேர்ந்தே வரக்கூடியவை. அது தெரியாமல் எக்ஸ்ரே, மூக்கு டாக்டர், பெல்ட் என்று ஒரு வருடத்தைக் கழித்தவர்கள் ஏராளம். அடையாளம் இதுதான்: விண்விண் என்று தெறிக்கும் வலி, பெரும்பாலும் ஒரு பக்கம். மாடிப்படி ஏறினால் கூடும். வாந்தி வருவதுபோல் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

ஹார்மோனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பிரையன் சோமர்வில் 1972-லேயே காட்டினார். மாதவிடாய்க்குச் சற்று முன்பு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டபோது ரத்தப்போக்கு அதன் நேரத்துக்கு வந்தது. தலைவலி மட்டும் தள்ளிப்போனது. ஈஸ்ட்ரோஜன் சரியும்போதுதான் மைக்ரேன் கிளம்புகிறது. பெரிமெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட எகிறும், அடுத்த வாரம் சடாரென விழும். விழுகிற தடவைகள் கூடக்கூடத் தலைவலியும் கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் அளவு குறைவாக இருந்தாலும் நிலையாக இருக்கும். அதனால்தான் பிறகு பலருக்கும் நிம்மதி.

2. மூன்று மாதம் எழுதுங்கள்

ப்ராஜெக்டுக்கு டேட்டா இல்லாமல் பேச மாட்டீர்கள். உடம்புக்கும் அப்படியே. ஆறு விவரம் போதும்: தேதி, வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, பீரியட்ஸ் வந்த நாள், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், வேலை எத்தனை மணி நேரம் கெட்டது. மொபைலில் அல்லது சின்ன நோட்டில் எழுதுங்கள். கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம். அது அவர்கள் பொருள். உங்கள் உடல்நிலைக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

பீரியட்ஸ் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து தொடங்கிய மூன்றாம் நாள் வரைக்குள் வலி திரும்பத் திரும்ப வந்தால் ஹார்மோன் தொடர்பு தெளிவு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி என்றால் அது நாள்பட்ட நிலையை நோக்கிப் போகிறது. டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. மாத்திரை நாட்களை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நம் ஆபீஸ்களில் எல்லோர் ஹேண்ட்பேகிலும் ஒரு ஸ்ட்ரிப் இருக்கும். பக்கத்து சீட் அக்கா கொடுப்பார். கீழே மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். காலை ஒன்று, மீட்டிங்குக்கு முன் ஒன்று, வராமல் இருக்க முன்கூட்டியே ஒன்று. சில மாதங்களில் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும்.

எல்லை எது என்பதில் மருத்துவ உலகில் குழப்பம் இல்லை. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகள் மாதத்தில் 15 நாளைத் தொட்டால் ஆபத்து. டிரிப்டான், எர்காட்டமின், பல மருந்துகள் கலந்த காம்பினேஷன் மாத்திரை என்றால் 10 நாள்தான். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் அது தனி நோய். ஒரே நாளில் மூன்று போட்டாலும் கணக்கில் அது ஒரு நாள். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. ஏற்கெனவே தாண்டிவிட்டீர்களா? சில மருந்துகளைச் சட்டென நிறுத்த முடியாது. முதல் வாரங்களில் வலி கூடவும் செய்யும். டாக்டர் துணையோடு, வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தைத் தவிர்த்து, வேலை குறைவான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

4. டாக்டரிடம் கிடைக்கும் பத்து நிமிடம்

அதையும் ஒரு மீட்டிங்காக நடத்துங்கள். மூன்று வாக்கியங்களில் தொடங்கலாம்: மாதத்தில் இத்தனை நாள் தலைவலி. அதில் இத்தனை நாள் வேலை செய்ய முடியவில்லை. இத்தனை நாள் மாத்திரை போடுகிறேன். இது வைத்தியரை நேராக விஷயத்துக்குக் கொண்டுவரும். நியூராலஜிஸ்ட், கைனகாலஜிஸ்ட் இருவரையும் பாருங்கள். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் ஓ.பி.யிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. கையில் காசு இல்லையென்று தள்ளிப்போட வேண்டாம். பி.பி., ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வந்து தலைவலியைக் கூட்டுவது சகஜம்.

கேட்க வேண்டியவை நான்கு.

வலி வந்ததும் போடும் மருந்து எது? மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் மருந்துகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. இதய நோய், கட்டுக்கு அடங்காத பி.பி. உள்ளவர்களுக்கு அவை கூடாது. எனவே தோழியின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

வராமல் தடுக்கும் மருந்து வேண்டுமா? மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வேலை கெடுகிறது என்றால் கட்டாயம் இதைப் பேசுங்கள். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளுனாரிசின், கேண்டசார்டன், டோபிராமேட் எனப் பல உண்டு. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது. டோபிராமேட் சிலருக்குப் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாற வைக்கும். கிளையன்ட் முன் பேசுவது உங்கள் வேலையென்றால் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வென்லாஃபாக்ஸின் என்ற மருந்து மைக்ரேனையும் தணிக்கும், திடீரென உடம்பு தீயாய்ச் சுடும் ஹாட் ஃப்ளாஷையும் தணிக்கும். இரண்டும் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது. எந்தத் தடுப்பு மருந்துக்கும் குறைந்தது எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பத்தாம் நாளே ‘கேக்கல’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இவை பலிக்காவிட்டால் சி.ஜி.ஆர்.பி. வகை ஊசிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதல் அனுமதி 2018-ல் கிடைத்தது, விலை அதிகம்.

ஹார்மோன் சிகிச்சை எனக்குச் சரியா? மைக்ரேனுக்காக மட்டும் இதை எழுதுவதில்லை. ஹாட் ஃப்ளாஷ், தூக்கமின்மை என்று அவதி இருந்தால், தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது தடவும் ஜெல் பற்றிக் கேளுங்கள். மாத்திரையைவிட இவற்றில் ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறி இறங்காமல் இருக்கும். கண் முன் கோடு, மினுமினுப்பு, பார்வையில் ஓட்டை எனத் தெரிந்தால் அதற்கு ஆரா என்று பெயர். அதை மறக்காமல் சொல்லுங்கள். ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏற்கெனவே சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அதை இன்னும் கூட்டும். ‘பீரியட்ஸ் ரெகுலர் ஆகும்’ என்று அந்த மாத்திரையை யாராவது நீட்டினால் முதலில் ஆராவைப் பற்றிப் பேசுங்கள்.

நான்காவது, நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்லும் யோசனை: ‘கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்.’ மைக்ரேன் சரியாகாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிகிறது. அப்படி மாதவிடாய் நின்றவர்களில் பெரும்பாலோருக்குத் தலைவலி மோசமாவதையே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு காரணத்துக்கு அறுவை அவசியமாக இருக்கலாம். தலைவலிக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். அத்தை, பெரியம்மா வற்புறுத்தினாலும்.

5. உடம்பு காட்டும் சைகை

வலிக்குப் பல மணி நேரம் முன்பே உடம்பு தகவல் அனுப்பும். கொட்டாவி மேல் கொட்டாவி. கழுத்து இறுக்கம். காரணமில்லாத எரிச்சல். அடிக்கடி சிறுநீர். இனிப்பு மேல் திடீர் ஆசை. சாக்லேட் சாப்பிட்டதால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். அந்த ஆசையே பலருக்கு மைக்ரேனின் முதல் படி. மருந்தை வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். ‘இந்த கால் முடியட்டும்’ என்று காத்திருந்தால் அடுத்த மூன்று கால் போய்விடும். ஐ.டி. கார்டு பவுச்சிலேயே ஒரு டோஸ் இருக்கட்டும்.

6. கேலண்டரை உங்கள் பக்கம் திருப்புங்கள்

உங்கள் டெட்லைன் எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் முன்பாக ஒரு ரகசியத் தேதி வையுங்கள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியதைப் புதன்கிழமையே முடியுங்கள். தலைவலி வராவிட்டால் முன்கூட்டிக் கொடுத்தவர் என்ற பெயர். வந்தால் யாருக்கும் தெரியாது.

பெரிய ப்ரெசன்டேஷனுக்கு எப்போதும் இரண்டாம் ஆள் ஒருவரைத் தயாராக வையுங்கள். ஜூனியர் ஒருவருக்கு முதல் மூன்று ஸ்லைடைப் பேச வாய்ப்புக் கொடுங்கள். அவருக்கு வளர்ச்சி, உங்களுக்குக் காப்பு. ஃபைல் எங்கே, யாரிடம் என்ன பாக்கி, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பை வாரம்தோறும் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் இல்லாத நாளில் வேலை நகர்ந்தால் அந்தப் பாராட்டும் உங்களுக்கே. இதைப் போட்டியாளர் கையில் சாவி கொடுப்பதாக நினைத்து யாரிடமும் எதையும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள்தான் தலைவலி நாளில் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

7. மேனேஜரிடம் என்ன, எப்போது

உங்கள் மேனேஜர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். ஆணாக இருக்கலாம். மெனோபாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் இருவருக்கும் சங்கடமாகலாம். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மைக்ரேன் என்பது மருத்துவப் பெயர், அது போதும்.

நேரம் முக்கியம். அப்ரைசலுக்கு முந்தைய வாரம் சொன்னால் சாக்காகத் தெரியும். ஒரு வேலையை நன்றாக முடித்துக் கொடுத்த மறுவாரம் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்:

“சார், எனக்கு மைக்ரேன் இருக்கு. நரம்பு சம்பந்தமான பிரச்சினை, ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. மாசத்துல ரெண்டு மூணு நாள் சில மணி நேரம் ஸ்க்ரீன் பார்க்க முடியாது. வேலை நிக்காம இருக்க ஏற்பாடு பண்ணியிருக்கேன், இதுதான் பேக்கப் லிஸ்ட். ரெண்டு விஷயத்துக்கு மட்டும் உங்க ஓகே வேணும். அந்த நாள்ல வீட்டிலிருந்து வேலை. சீட்டை ஏசி காத்து நேரா அடிக்காத இடத்துக்கு மாத்தணும்.”

முதலில் உண்மை, பிறகு ஏற்பாடு, கடைசியில் கோரிக்கை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். அழுகை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பேசுங்கள். பேசி முடித்ததும் இரண்டு வரியில் நன்றி மெயில் போடுங்கள். மேனேஜர் மாறினாலும் பதிவு இருக்கும். டீமில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். பேக்கப் எடுக்கும் ஒருவருக்கு மட்டும் போதும்.

8. சீட், சாப்பாடு, தலைக்குளியல்

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று சொல்லும் பெண்களை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மும்பை தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல் இப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் எழுதினார். ஆக இது கற்பனை இல்லை. வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு, எதிர்வெயிலில் டூ வீலரில் வந்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மீட்டிங்கில் உட்காருவது ஒரே நேரத்தில் நான்கு தூண்டுதல். குளியலை விடுமுறை நாளுக்கு மாற்றுங்கள், நன்றாக உலர்த்துங்கள்.

பட்டினி கிடப்பது நன்கு அறியப்பட்ட காரணம். சஷ்டி, ஏகாதசி விரதம் இருப்பவர்கள் பால், பழம், மோர் என நேரத்துக்கு எதையாவது எடுத்துக்கொள்ளலாம். முக்கிய டெட்லைன் நாளில் முழுப் பட்டினி வேண்டாம். காபியில் ஒழுங்கு வேண்டும். வேலை நாளில் ஐந்து டம்ளர், ஞாயிறு ஒன்றுமில்லை என்றால் ஞாயிறு மதியம் தலைவலி வரலாம். தினமும் ஒன்று அல்லது இரண்டு, அதே நேரத்தில். பெர்ஃப்யூம், ரூம் ஃப்ரெஷ்னர், பக்கத்தில் யாராவது வைத்திருக்கும் மல்லிகை: மணமே சிலருக்குத் தாங்காது. அது உங்களுக்குத்தானா என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாத் தூண்டுதலும் எல்லோருக்கும் பொருந்தாது.

தூக்க நேரத்தை வார இறுதியிலும் மாற்றாதீர்கள். இரவு வியர்வையால் தூக்கம் கெடுகிறது என்றால் அதை டாக்டரிடம் தனிப் பிரச்சினையாகச் சொல்லுங்கள்.

9. லீவ் உங்கள் உரிமை

மெனோபாஸுக்கென்று தனியார் ஆபீஸ்களுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நோய்க்காக வருடத்துக்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் சம்பளத்துடன் தருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழின் பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கேட்பதற்குத் தயங்காதீர்கள். ‘ஃபேமிலி ஃபங்ஷன்’ என்று பொய்க் காரணம் எழுதாதீர்கள். பின்னால் உங்கள் மருத்துவப் பதிவைக் காட்ட வேண்டி வந்தால் அந்தப் பொய் உங்களுக்கு எதிராக நிற்கும்.

10. ஆபீஸிலேயே வந்துவிட்டால்

மாத்திரை, தண்ணீர், இருட்டான அறையில் இருபது நிமிடம். பேக்கப் ஆளுக்கு முன்பே டைப் செய்து வைத்த மெசேஜ். டூ வீலரில் தனியாகக் கிளம்பாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். வலி போன மறுநாளும் மூளை மந்தமாக இருக்கும், சொல் தடுமாறும். அன்றைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை, கோபமான மெயிலுக்குப் பதில், பெரிய தொகை அப்ரூவல் எதுவும் வேண்டாம். ஃபைல் அடுக்குவது, பழைய பில் சரிபார்ப்பது போன்ற வேலைகளைச் செய்து அந்த நாளையும் வீணாக்காமல் முடியுங்கள்.

11. உடனே மருத்துவமனைக்கு

இடி விழுந்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி. கை கால் வலுவிழப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகப் புதுத் தலைவலியோ ஆராவோ வந்தால் ‘மெனோபாஸ்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

12. வேலை மாறப் போகிறீர்களா

இன்டர்வியூவில் மைக்ரேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள். நைட் ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும்? வீட்டிலிருந்து வேலை எழுத்தில் உள்ள பாலிசியா, மேனேஜர் விருப்பமா? குரூப் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா? இன்ஷூரன்ஸ் படிவத்தில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். கிளெய்ம் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சம்பளம் 20 சதவீதம் கூட என்று வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டுக்குச் சரி சொல்வதற்கு முன்பு, அந்த மூன்று மாத நோட்டை எடுத்து, சரியாகத் தூங்காத இரவுகளுக்கு மறுநாள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.